லூமெனா, லைட்மேப்பா: இரண்டையும் வைத்துக்கொள்ளாதீர்கள்

கேள்வி: நாங்கள் நான்கு பேர், கோவையில் ஒரு வீட்டு மாடியில் உட்கார்ந்து கேம் செய்துகொண்டிருக்கிறோம். மூடிக் கிடக்கும் ஒரு பஞ்சாலைக்குள் நடக்கும் தேர்ட் பெர்சன் அட்வெஞ்சர். அன்ரியல் எஞ்சின் 5 (எபிக் கம்பெனியின் கேம் செய்யும் சாஃப்ட்வேர்). ஜெனரேட்டரை ஓடவிடுவது, ஷட்டரைத் திறப்பது, எந்த ஷெட்டுக்குக் கரண்ட் போக வேண்டும் என்று ஸ்விட்ச்போர்டில் தீர்மானிப்பது, இவைதான் புதிர்கள். ஒரு பழைய மில்லையும் அதிலிருக்கும் மெஷின்களையும் கேமராவில் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறோம். எங்கள் ஆர்ட்டிஸ்ட் லூமென் (கேம் ஓடும்போதே வெளிச்சத்தின் தெறிப்பைக் கணக்கிடுவது), நானைட் (மிக நுணுக்கமான மாடல்களைத் தானே சமாளிப்பது), ஹார்டுவேர் ரே டிரேசிங் (ஒளிக்கதிர்களை கார்டில் அதற்கென்றே உள்ள பகுதியால் பின்தொடர்வது) எல்லாமே வேண்டும் என்கிறார். புரோகிராமரோ அதெல்லாம் கார்டு விற்பதற்கான விளம்பரம், விளையாடுகிறவர்களிடம் இருப்பது சாதாரண லேப்டாப், பேசாமல் லைட்டை முன்கூட்டியே கணக்கிட்டுப் பேக் செய்துவிடலாம் என்கிறார். சண்டை வேண்டாமென்று இரண்டையும் வைத்து, செட்டிங்ஸில் ஆன்/ஆஃப் கொடுத்துவிடுவதாக முடிவு செய்திருக்கிறோம். பிறகு மொபைலுக்கும் கொண்டுபோக ஆசை. இதற்காகக் கடன் வாங்கியாவது ஆர்டிஎக்ஸ் 5090 கிராபிக்ஸ் கார்டு ஒன்று வாங்கலாமா? உண்மையில் இந்தப் புது கிராபிக்ஸ் டெக்னாலஜியால் எங்களைப் போன்ற சின்ன டீமுக்கு என்ன லாபம்?

பதில்: உங்கள் ஆர்ட்டிஸ்ட் சொல்வதும் பாதி சரி, புரோகிராமர் சொல்வதும் பாதி சரி. எனக்குக் கவலை தருவது இருவரையும் சமாதானப்படுத்த நீங்கள் எடுத்த முடிவுதான். இரண்டு வகை லைட்டிங்கையும் வைத்துக்கொண்டு செட்டிங்ஸில் ஒரு பட்டன் கொடுப்பது, உங்கள் முன்னால் இருக்கிற எல்லா வழிகளிலும் அதிகச் செலவு வைக்கிற வழி. முதலில் அதைக் கைவிடுங்கள். ஏன் என்று விளக்கமாகவே சொல்கிறேன், "என்ன லாபம்" என்று கேட்டிருக்கிறீர்களே, அதற்கான பதிலும் அதற்குள்தான் இருக்கிறது.

ரே டிரேசிங் என்றதும் எல்லோரும் பளபளப்பைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஈரத் தரையில் போர்டு வெளிச்சம் தெரிகிறதா, கண்ணாடியில் எதிரி தெரிகிறானா, யூடியூபில் திரையை நடுவில் பிரித்து இந்தப் பக்கம் ஆஃப் அந்தப் பக்கம் ஆன் என்று காட்டுவது, கீழே கமெண்ட்டில் "எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியலையே" என்று பத்துப் பேர். அந்த விவாதம் விளையாடுகிறவர்களுடையது. கேம் செய்கிறவர்களுக்கு இதில் கிடைக்கும் லாபம் நாள் கணக்கில் இருக்கிறது, திரையில் அதைப் பார்க்க முடியாது.

லைட் பேக்கிங் என்ன செய்கிறது என்று உங்கள் புரோகிராமருக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஜன்னல் வழியாக வந்த வெயில் தரையில் பட்டு, அங்கிருந்து சுவருக்குப் போய், சுவரின் நிறத்தையும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டு கூரைக்குப் போவதைக் கணக்கிடுவது ரொம்பக் கனமான வேலை. அதனால் பல வருடங்களாக அந்தக் கணக்கை முன்கூட்டியே போட்டு, விடையை லைட்மேப் என்கிற படமாகச் சேமித்து, கேம் ஓடும்போது சுவரில் ஒட்டிவிடுகிறோம். விளையாடுகிறவரின் மெஷினுக்கு இது கிட்டத்தட்ட இலவசம். விலை கொடுப்பது நாம். ஒவ்வொரு பொருளுக்கும் லைட்மேப்புக்கென்றே தனி யுவி, அதாவது மேற்பரப்பைத் தட்டையாக விரித்த வரைபடம், போட வேண்டும், எதற்கு எவ்வளவு ரெசல்யூஷன் என்று பங்கு போட வேண்டும், மூலையில் கறுப்புத் திட்டு விழுந்தால் ஏன் விழுந்தது என்று தேட வேண்டும், லெவல் டிசைனர் ஒரு ஜன்னலை இரண்டடி தள்ளிவைத்தால் மறுபடியும் பேக். ஒற்றை அறை என்றால் பரவாயில்லை, ஒரு மில் ஷெட் முழுவதையும் நல்ல தரத்தில் பேக் செய்வதென்றால் ராத்திரி ஓடவிட்டுவிட்டுக் காலையில் வந்து பார்க்க வேண்டியிருக்கும், பார்த்தால் ஒரு மூலை தேவைக்கு மேல் இருட்டாக இருக்கும். இப்படி நாலு முறை ஆனதும் ஆட்கள் மாற்றிப் பார்ப்பதையே நிறுத்திவிடுவார்கள். "போதும், இது நல்லாத்தான் இருக்கு" என்று ஒரு குரல் வரும் பாருங்கள், கேம் சுமாராகப் போக ஆரம்பிப்பது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

லூமென் மாதிரியான முறையில் லைட்டை நகர்த்தினால் உடனே பார்க்கலாம். கோவைப் பக்கத்துப் பழைய மில்களில் வடக்குப் பார்த்த கண்ணாடி வைத்த ரம்பப்பல் கூரை இருக்குமே, அந்தக் கண்ணாடிச் சாய்வை ஐந்து டிகிரி மாற்றினால் ஷெட் எப்படி இருக்கும் என்று ஆர்ட்டிஸ்ட் உட்கார்ந்த இடத்திலேயே பார்த்துவிடுவார். ஒரே ஒரு ஆர்ட்டிஸ்ட் இருக்கிற டீமுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. பழைய வழியை முழுதாக விட்டால்தான் இந்த லாபம் கைக்கு வரும்.

மெட்ரோ எக்ஸோடஸின் கதை இதற்கு நல்ல சாட்சி. 4ஏ கேம்ஸ் அதை 2019 பிப்ரவரியில் வெளியிட்டபோது ரே டிரேசிங் கார்டுகள் சந்தைக்கு வந்து அரை வருடம்கூட ஆகவில்லை, என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 20 வரிசை 2018 செப்டம்பரில்தான் வந்தது. அதனால் அந்த கேமில் ரே டிரேசிங் ஒரு கூடுதல் வசதி மட்டும், எல்லோருக்கும் ஓடுகிற பழைய லைட்டிங்கையும் முழுதாகச் செய்தே ஆக வேண்டியிருந்தது. டெவலப்பர்களுக்கு அதில் நேரம் மிச்சமாகவில்லை, வேலை கூடியதுதான். பிறகு 2021 மே மாதம் என்ஹான்ஸ்டு எடிஷன் என்று தனியாக ஒன்றைக் கொண்டுவந்தார்கள், ரே டிரேசிங் கார்டு இல்லையென்றால் அது ஓடவே ஓடாது. அந்தப் பதிப்பில்தான் லைட் வைக்கிற வேலை உண்மையிலேயே சுலபமானது, விளக்கு இருக்கிற இடத்தில் விளக்கு, வெயில் வருகிற இடத்தில் வெயில், இருட்டு மூலைகளைச் சரிக்கட்ட ஒளித்துவைக்கிற போலி விளக்குகளுக்கு அவசியம் இல்லை. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் கேமும் 2025 மே மாதம் வந்த டூம்: தி டார்க் ஏஜஸும் ரே டிரேசிங் ஹார்டுவேர் இருந்தே ஆக வேண்டும் என்று வந்தன. முதல் ஆர்டிஎக்ஸ் கார்டிலிருந்து எண்ணினால் ஆறு வருடம். இடையில் 2020 நவம்பரில் பிஎஸ்5-ம் எக்ஸ்பாக்ஸ் சீரிஸும் ரே டிரேசிங் வசதியோடு வந்து, போதுமான வீடுகளுக்குள் போய்ச் சேர்ந்த பிறகுதான் பெரிய ஸ்டூடியோக்களுக்கே அந்தத் துணிச்சல் வந்தது. அந்த ஆறு வருடமும் "ஆன்/ஆஃப்" பட்டன் வைத்த டீம்கள் இரண்டு வேலையையும் செய்தன, அவற்றில் சிலவற்றுக்குக் கார்டு கம்பெனியின் எஞ்சினியர்களே உதவினார்கள். உங்கள் மாடிக்கு அவர்கள் வரப்போவதில்லை.

இன்னொரு பழைய உதாரணம் சொல்கிறேன், இது எனக்கு ரொம்பப் பிடித்தது. 2006-ல் ஏஜியா என்ற கம்பெனி பிசிக்ஸ் கணக்குக்கென்றே தனி கார்டு விற்றது, 2008-ல் என்விடியா அந்தக் கம்பெனியை வாங்கி அதைத் தன் கிராபிக்ஸ் கார்டுகளுக்குள் கொண்டுவந்தது. டைஸ் செய்த மிரர்ஸ் எட்ஜ் 2009 ஜனவரியில் பிசிக்கு வந்தபோது அந்த ஃபிஸ்எக்ஸ் எஃபெக்டுகளோடு வந்தது, துணி படபடக்கும், கண்ணாடி சிதறும். ஆனால் எல்லோரிடமும் அந்த கார்டு இல்லை, அதனால் துணியும் கண்ணாடியும் அலங்காரமாக மட்டுமே இருக்க முடிந்தது, கதையோ புதிரோ அவற்றை நம்பி நிற்க வழியில்லை. அதே கேமின் வெளிச்சம் முழுக்க முன்கூட்டியே பேக் செய்யப்பட்டது, பீஸ்ட் என்ற டூலில். இன்றைக்கு அதை எடுத்துப் பாருங்கள், வெள்ளைக் கட்டடங்களில் ஆரஞ்சும் நீலமும் தெறித்து நிற்கிற அந்தப் பேக் செய்த வெளிச்சம் இன்னமும் கண்ணில் நிற்கிறது. அப்போது புதுமை என்று விளம்பரப்படுத்தியது அந்தத் துணியைத்தான், இன்று யார் அதைப் பற்றிப் பேசுகிறார்கள்?

இதை வைத்து உங்கள் புரோகிராமர் "பார்த்தீர்களா, பேக்கிங்தான் சரி" என்று கிளம்பிவிடுவார். அவரிடம் நான் கேட்க வேண்டியது ஒன்றுதான்: உங்கள் கேமில் வெளிச்சம் மாறுகிறதா? நின்ற இடத்தில் நிற்கிற சூரியன், அணையாத விளக்கு என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு பேக் செய்யுங்கள் என்பேன், மிரர்ஸ் எட்ஜ் அப்படிப்பட்ட கேம். ஆனால் நீங்கள் எழுதியிருப்பது ஷட்டரைத் திறக்கிற, ஜெனரேட்டரை ஓடவிடுகிற, ஷெட் ஷெட்டாகக் கரண்ட்டை மாற்றிவிடுகிற கேம். வெளிச்சம்தான் உங்கள் புதிர். ஆறு ஷெட் என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொன்றும் எரியும் அல்லது அணைந்திருக்கும், மொத்தம் 64 நிலை, அதோடு ஷட்டர் திறந்ததும் மூடியதும். இத்தனைக்கும் லைட்மேப் பேக் செய்து, மெமரியில் வைத்து, மாற்றி மாற்றி ஏற்றப்போகிறீர்களா? ஷெட் வாரியாகப் பிரித்துப் பேக் செய்து ஒன்றோடொன்று கூட்டிக்கொள்ளலாம், முடியாதது இல்லை, ஆனால் அதை எழுதி முடிப்பதற்கே ஒரு ஆள் வேண்டும், உங்களிடம் இருப்பது மொத்தமே நான்கு பேர்.

ஆகவே என் பதில்: லூமென் மட்டும். அதுவும் ரே டிரேசிங் கார்டு தேவைப்படாத சாஃப்ட்வேர் முறை மட்டும். லைட்மேப் கிடையாது, ஹார்டுவேர் ரே டிரேசிங் கிடையாது, மொபைல் கிடையாது. செட்டிங்ஸில் லூமெனின் தரத்தைக் கூட்டிக் குறைக்க இடம் கொடுங்கள், லைட்டிங் முறையையே மாற்றுகிற பட்டன் வேண்டாம்.

இதற்கு நீங்கள் கொடுக்கப்போகிற விலையையும் சொல்லிவிடுகிறேன். நொடிக்கு 60 ஃப்ரேம் (படம்) வேண்டுமென்றால் ஒரு ஃப்ரேமுக்கு உங்களிடம் இருப்பது 16.67 மில்லிசெகண்ட். எபிக் தன் டாக்குமென்டேஷனில் சொல்கிறபடி, பிஎஸ்5 தலைமுறை கன்சோலில் உள்ளே 1080பி-யில் ரெண்டர் செய்யும்போது, லூமெனை "ஹை" தரத்தில் வைத்தால் சுமார் 4 மில்லிசெகண்ட் என்பது இலக்கு, "எபிக்" தரத்தில் சுமார் 8, அது 30 ஃப்ரேமுக்கானது. கால் பங்கு பட்ஜெட் வெளிச்சத்துக்கே போகிறது, கன்சோலைவிடச் சின்ன கார்டில் அது இன்னும் கூடும். பிசி கேம் விற்கிற ஸ்டீம் மாதாமாதம் வெளியிடுகிற ஹார்டுவேர் சர்வேயைப் பார்த்தால் மேல்வரிசையில் இருப்பவை பெரும்பாலும் பெயர் 60-ல் முடிகிற நடுத்தர கார்டுகள், அவற்றில் சில லேப்டாப் வகை, திரையும் அதிகம் பேரிடம் 1080பி. அதனால் ஆர்டிஎக்ஸ் 3060 லேப்டாப்பில் 1080பி, "ஹை", 60 ஃப்ரேம் என்பதை உங்கள் கோடாக வைத்துக்கொள்ளுங்கள். ஜிடிஎக்ஸ் 1650 வைத்திருப்பவர்களில் ஒரு பகுதியை இழப்பீர்கள், ஆமாம். அதில் 30 ஃப்ரேமாவது வருகிறதா என்று பாருங்கள், வராவிட்டால் கடைப் பக்கத்தில் குறைந்தபட்சத் தேவையை உண்மையாக எழுதிவிடுங்கள். பொய்யாகக் குறைத்து எழுதினால் முதல் நாளே ரிஃபண்டும் சிவப்புக் கட்டைவிரலும் வந்து நிற்கும்.

ஒரு விஷயம் கவனித்தீர்களா? அன்ரியல் 5-ல் புதிதாக ஒரு ப்ராஜெக்ட் திறந்தால் டெஸ்க்டாப்புக்கு லூமென், வர்ச்சுவல் ஷேடோ மேப் (நிழலுக்கு), டிஎஸ்ஆர் (குறைந்த ரெசல்யூஷன் படத்தைப் பெரிதாக்க) எல்லாம் ஏற்கெனவே ஆன் ஆகித்தான் இருக்கும். நிறையச் சின்ன டீம்கள் இதையெல்லாம் தேர்ந்தெடுக்கவே இல்லை, எஞ்சின் தேர்ந்தெடுத்தது, அவர்கள் மறுக்கவில்லை. நீங்கள் சண்டையாவது போட்டீர்களே, அது நல்லதுதான்.

சரி, லூமென் என்று முடிவானால் உங்கள் மில்லில் எங்கெல்லாம் இடிக்கும் என்று சொல்கிறேன், இதுதான் உங்களுக்கு நிஜமாக உதவும்.

முதலில் அந்த ஸ்கேன். ஷெட் முழுவதையும் ஒரே மெஷ்ஷாக, அதாவது முக்கோணங்களால் ஆன ஒரே 3டி உருவமாக, ஸ்கேன் செய்து வைத்திருந்தால் அதை அப்படியே உள்ளே போடாதீர்கள். சாஃப்ட்வேர் லூமென் ஒவ்வொரு மெஷ்ஷுக்கும் டிஸ்டன்ஸ் ஃபீல்டு என்று ஒரு தோராயமான உருவத்தையும், அதன் மேற்பரப்பைச் சில பக்கங்களிலிருந்து பிடித்த படங்களையும் வைத்துக்கொண்டுதான் வேலை செய்கிறது. நான்கு சுவர், தரை, கூரை, உள்ளே பத்து ஸ்பின்னிங் மெஷின் எல்லாம் ஒரே மெஷ் என்றால் உள்பக்கம் அதற்குச் சரியாகத் தெரியாது, வெளிச்சம் விழ வேண்டிய இடம் கறுப்பாகக் கிடக்கும். சுவர் தனி, தரை தனி, கூரை தனி, ஒவ்வொரு மெஷினும் தனி என்று வெட்டிக்கொள்ளுங்கள். அடுத்தது சுவர்த் தடிமன். 10 சென்டிமீட்டருக்கும் மெல்லிய சுவர் என்றால் வெளிச்சம் கசியும். மில்லில் செங்கல் சுவர் தடியாகத்தான் இருக்கும், பிரச்சினை தகர ஷட்டரில். நிஜத்தில் தகரம் ஒரு மில்லிமீட்டர் என்பதற்காக நீங்களும் அப்படியே மாடல் செய்தால், ஷட்டர் மூடியிருக்கும்போதும் தரையில் வெயில் மங்கலாகத் தெரியும், ஷட்டர்தான் புதிர் என்கிற கேமில் அது நேராக கேமின் கழுத்தில் கை வைக்கிற மாதிரி. பின்பக்கம் யாருக்கும் தெரியாதபடி தடியாக ஒரு சட்டம் கொடுங்கள்.

அப்புறம் தாமதம். லூமென் மறைமுக வெளிச்சத்தைப் பல ஃப்ரேம்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துத்தான் சுத்தமான படமாக்குகிறது. அதனால் விளக்கைப் பட்டென்று அணைத்தால் நேரடி வெளிச்சம் உடனே போகும், சுவரில் தெறித்த வெளிச்சம் ஒரு கணம் தங்கிவிட்டு மெல்ல வடியும். பகல் நேர கேமில் யாரும் கவனிக்க மாட்டார்கள். இருட்டு ஷெட்டில் பளிச்சென்று தெரியும். இதோடு மல்லுக்கு நிற்காமல் கதைக்குள் கொண்டுவந்துவிடுங்கள்: ஜெனரேட்டர் நிற்கும்போது வேகம் குறைந்து குறைந்துதானே நிற்கும், வோல்டேஜ் இறங்க இறங்க பல்பு சிவந்து மங்கி அணையட்டும். எரியும்போதும் பழைய ட்யூப்லைட் இரண்டு முறை சிமிட்டிவிட்டுப் பிடிக்கட்டும். தாமதம் அதில் மறைந்துவிடும், பார்க்கிறவர்களுக்கு அது அழகாகவும் இருக்கும். சின்னதாக, ரொம்பப் பிரகாசமாக ஒளிரும் பரப்புகளை மட்டும் வெளிச்சத்துக்கு நம்பாதீர்கள், எமிஸிவ் மெட்டீரியலில் ஒரு குட்டி பல்பு செய்து அதுவே அறையை நிரப்பும் என்று விட்டால் சுவரெல்லாம் புள்ளி புள்ளியாகக் கொதிக்கும். கூடவே ஒரு சாதாரண பாயிண்ட் லைட் வையுங்கள்.

ஹார்டுவேர் ரே டிரேசிங் ஏன் வேண்டாம் என்கிறேன்? சாஃப்ட்வேர் முறையில் அசைகிற கதாபாத்திரம் திரைக்கு வெளியே இருந்தால் எண்ணெய்த் தரையின் பிரதிபலிப்பில் வராது, ஹார்டுவேர் முறையில் வரும். வித்தியாசம் உண்மைதான், உங்கள் ஆர்ட்டிஸ்ட் இதைத்தான் காட்டி வாதாடியிருப்பார். ஆனால் அதை ஆன் செய்த மறுநாளிலிருந்து ஒவ்வொரு லெவலையும் இரண்டு முறை பார்க்க வேண்டும், இரண்டிலும் வெளிச்சம் ஒரே மாதிரி விழாது, ஒன்றில் தெரிகிற தடயம் இன்னொன்றில் இருட்டில் போய்விடும். பட்டன் வைக்காதீர்கள் என்று மேலே சொன்னது இதற்கும் பொருந்தும். உங்கள் கேமில் தரையின் பிரதிபலிப்பைப் பார்த்துத் தீர்க்க வேண்டிய புதிர் ஏதாவது இருக்கிறதா? இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

நானைட் விஷயத்தில் நான் முழுக்க ஆர்ட்டிஸ்ட் பக்கம். ஸ்கேன் செய்த ஒரு மெஷினில் சில மில்லியன் முக்கோணங்கள் இருக்கும். முன்பெல்லாம் அதைக் கையால் குறைந்த பாலிகன் மாடலாக மாற்றி, விவரங்களை நார்மல் மேப்பில் (மேடுபள்ளத்தைப் போலியாகக் காட்டும் படம்) இறக்கி, தூரத்துக்குத் தகுந்தபடி மூன்று நான்கு எல்ஓடி (விவரம் குறைத்த நகல்கள்) செய்து, ஒரு மெஷினுக்கே ஒரு வாரம் ஓடிவிடும். நானைட் மாடலை 128 முக்கோணம் வரை கொண்ட சின்னச் சின்னக் கொத்துகளாகப் பிரித்துக்கொண்டு, திரையில் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ அவ்வளவு விவரத்தை மட்டும் தானே எடுத்துக்கொள்கிறது. அந்த ஒரு வாரம் அப்படியே மிச்சம். லைட்மேப்போடு ஒப்பிட்டால் இதில் இன்னொரு வசதி, பழைய வழி என்று ஒன்றைத் தனியாகப் பராமரிக்க வேண்டியதில்லை, பிசியில் மட்டும் இருக்கிறீர்கள் அல்லவா. ஆனால் எதையும் குறைக்காமல் போடலாம் என்று அர்த்தமில்லை. எபிக் கொடுத்த கணக்குப்படி டிஸ்க்கில் ஒரு முக்கோணத்துக்குச் சராசரியாக 14.4 பைட், ஐந்து மில்லியன் முக்கோண மெஷின் ஒன்று சுமார் 72 எம்பி, இதில் டெக்ஸ்சர் சேரவில்லை. நாற்பது மெஷின் வைத்தால் கிட்டத்தட்ட 3 ஜிபி. இந்த அளவு கேமுக்கு நாற்பது ஐம்பது ஜிபி டவுன்லோட் என்றால் பாதிப் பேர் விஷ்லிஸ்ட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். எஞ்சினுக்குள்ளேயே முக்கோணங்களைக் கால்வாசியாகக் குறைத்துப் பாருங்கள், கண்ணுக்கு வித்தியாசம் தெரிகிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் தெரியாது. மில் சுவரில் முளைத்த செடி, அரச மரக் கன்று, ஒட்டடை, இந்த மாதிரி ஓட்டை ஓட்டையாக மாஸ்க் மெட்டீரியல் போட்டவை நானைட்டில் கனமாக ஓடும். அவற்றைத் தனியாக அளந்து பார்த்துத் தேவைப்பட்டால் பழைய எல்ஓடி முறையில் விடுங்கள்.

என்விடியாவின் டிஎல்எஸ்எஸ், இன்னொரு கார்டு கம்பெனியான ஏஎம்டி-யின் எஃப்எஸ்ஆர் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடைசியில் அதைத்தான் நம்பப்போகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். குறைந்த ரெசல்யூஷனில் ரெண்டர் செய்து முந்தைய ஃப்ரேம்களின் தகவலைச் சேர்த்துப் பெரிதாக்குவது உண்மையிலேயே பயனுள்ள டெக்னாலஜி, கடந்த சில வருடங்களில் வந்தவற்றில் செலவுக்கு மீறிப் பலன் கொடுப்பது எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் அதன் பலன் 4கே திரையில்தான் அதிகம், அங்கே 1080பி-யில் ரெண்டர் செய்தால் கால்வாசி பிக்சல்தான், படமும் நன்றாகவே வரும். உங்கள் ஆட்களிடம் இருப்பது 1080பி திரை. அதில் "பெர்ஃபார்மன்ஸ்" முறை என்றால் உள்ளே 540பி, ஒட்டடையும் கம்பி வலையும் நூல் இழையும் நிறைந்த ஒரு மில்லை 540பி-யில் ரெண்டர் செய்தால் எல்லாம் கஞ்சியாகக் குழையும். லூமெனும் உள் ரெசல்யூஷனோடு சேர்ந்தே இறங்கும் என்பதையும் மறக்காதீர்கள். அதனால் "குவாலிட்டி" முறையில், அதாவது 720பி-யிலிருந்து ஏற்றி, 3060-ல் 60 வந்தால் சரி. அதற்குக் கீழே போக வேண்டியிருந்தால் குறைக்க வேண்டியது காட்சியை.

ஃப்ரேம் ஜெனரேஷனை இந்தக் கணக்கில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். இரண்டு நிஜ ஃப்ரேம்களுக்கு நடுவே ஒன்றை ஊகித்துச் செருகுவதால் மீட்டரில் எண் ஏறும், பட்டனுக்கும் திரைக்கும் இடையிலான தாமதம் குறையாது, ஒரு ஃப்ரேமைப் பிடித்துவைப்பதால் கொஞ்சம் கூடவே செய்யும். ஏஎம்டி-யே நிஜமாக 60 ஃப்ரேம் வந்த பிறகு ஆன் செய்யுங்கள் என்றுதான் சொல்கிறது. 2025-ல் வந்த மான்ஸ்டர் ஹன்டர் வைல்ட்ஸ் தன் பரிந்துரை ஹார்டுவேர் பட்டியலில் 1080பி 60 என்று போட்டு அது ஃப்ரேம் ஜெனரேஷனோடு சேர்த்து என்று குறிப்பிட்டபோது எவ்வளவு பேச்சு வாங்கியது என்று தேடிப் பாருங்கள். அவ்வளவு பெரிய பெயர் தாங்கிக்கொண்டது. நீங்கள் தாங்க மாட்டீர்கள்.

யாருமே கேட்காத ஒன்று, ஷேடர் (ஒரு பரப்பை எப்படி வரைவது என்று கார்டுக்குச் சொல்லும் குட்டி நிரல்) கம்பைல் ஆகும்போது வருகிற திணறல். கன்சோலில் ஹார்டுவேர் ஒன்றே என்பதால் ஷேடர்களை முன்பே கம்பைல் செய்து அனுப்பிவிடலாம். பிசியில் ஒவ்வொரு கார்டுக்கும் ஒவ்வொரு டிரைவருக்கும் அந்தந்த மெஷினிலேயே நடக்க வேண்டும், கேம் நடுவே நடந்தால் படம் ஒரு கணம் உறைந்து நிற்கும். 2022 டிசம்பரில் தி காலிஸ்டோ ப்ரோட்டோகால் பிசியில் வந்தபோது இதனால்தான் முதல் நாளிலேயே அடி வாங்கியது, படம் பார்க்க அவ்வளவு அழகாக இருந்தும். உங்கள் மெஷினில் இது தெரியவே தெரியாது, ஏனென்றால் நீங்கள் தினமும் ஓட்டி கேஷ் நிரம்பியிருக்கும். அன்ரியல் 5-ன் பின்வந்த பதிப்புகளில் பிஎஸ்ஓ ப்ரீகேஷிங் (ஷேடர்களை முன்பே தயார் செய்து வைப்பது) வந்திருக்கிறது, அதை ஆன் செய்யுங்கள், முதல் முறை திறக்கும்போது ஒரு லோடிங் திரையில் முடிந்தவரை கம்பைல் செய்துவிடுங்கள், ஒவ்வொரு பில்டையும் டிரைவர் கேஷை அழித்துவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். மெட்டீரியல்களின் எண்ணிக்கையையும் கட்டுக்குள் வைக்கச் சொல்லுங்கள். ஆர்ட்டிஸ்ட் முணுமுணுப்பார், பரவாயில்லை.

"ரே டிரேசிங் இருக்கு" என்று போட்டால் விற்குமா என்று மனதுக்குள் ஒரு ஆசை இருக்கலாம். விற்காது. 2024-ல் வந்த பலாட்ரோ சீட்டுக்கட்டை வைத்து லவ் என்ற சின்ன லுவா ஃப்ரேம்வொர்க்கில் ஒரே ஆள் செய்தது, ஒரு வருடத்துக்குள் ஐம்பது லட்சம் பிரதி தாண்டியது. அதே சமயம் 2025-ல் வந்த கிளேர் ஆப்ஸ்கர்: எக்ஸ்பெடிஷன் 33-ஐயும் பார்க்க வேண்டும், பிரான்சில் மோன்பெலியே ஊரில் சுமார் முப்பது பேர் கொண்ட மையக் குழு, வெளியாட்கள் உதவியும் உண்டு, அன்ரியல் 5-ஐ வைத்துப் பெரிய ஸ்டூடியோக்களோடு நிற்கிற மாதிரி ஒரு படத்தைக் கொண்டுவந்துவிட்டார்கள். அந்த அளவு டீமால் பத்து வருடம் முன்பு அது நடந்திருக்காது. அதற்குக் காரணம் இந்த டூல்கள் மிச்சப்படுத்திய நேரம், அந்த நேரத்தை அவர்கள் கலர், காஸ்ட்யூம், கேமரா, இசை என்று எதில் போட்டார்கள் என்று பாருங்கள்.

மொபைல். இந்த ப்ராஜெக்ட்டிலிருந்து மொபைல் வராது, நானைட்டும் நீங்கள் நம்புகிற அளவு லூமெனும் ஆண்ட்ராய்டு போனில் இல்லை. ரே டிரேசிங் வசதியுள்ள போன் சிப்கள் 2022 முதல் வருகின்றன என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள், அது உண்மை, விலை உயர்ந்த போன்களில். பத்து நிமிடம் விளையாடினால் சூடாகி வேகத்தைத் தானே குறைத்துக்கொள்வதும் உண்மை. கேம் ஓடி, காசு வந்து, ஆசை அப்போதும் இருந்தால் மொபைலுக்குத் தனியாக, முழுக்கப் பேக் செய்து, ஷெட்டுகளைக் குறைத்து இன்னொரு கேமாகச் செய்யுங்கள். உங்கள் புரோகிராமருக்கு அப்போது அவர் கேட்ட வேலையே கிடைக்கும்.

கடைசியாக அந்த 5090. அமெரிக்காவில் அறிமுக விலையே 1,999 டாலர், இங்கே வரி, கடைக்காரர் லாபம் எல்லாம் சேர்த்து எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். வாங்காதீர்கள். கடன் சுமை ஒரு காரணம் என்றால், அதில் எல்லாமே ஓடும் என்பது அதைவிடப் பெரிய காரணம். ஆர்ட்டிஸ்ட் அதில் உட்கார்ந்து வேலை செய்தால் கேம் கனமாகிக்கொண்டே போவது யாருக்கும் தெரியாது. அந்தக் காசில் ஒரு பகுதியை எடுத்து ஒவ்வொருவர் மெஷினிலும் ரேமை 64 ஜிபி ஆக்குங்கள், நல்ல எஸ்எஸ்டி போடுங்கள், ஒருவர் மெஷினிலாவது கோர் அதிகமுள்ள சிபியு இருக்கட்டும், அன்ரியலில் ஷேடர் கம்பைலுக்கும் பில்டுக்கும் காத்திருக்கிற நேரம் இவற்றால்தான் குறையும். ஆர்ட்டிஸ்ட்டுக்கு விராம் (கார்டின் சொந்த மெமரி) 12 ஜிபி-யோ 16 ஜிபி-யோ உள்ள நடுத்தர கார்டு ஒன்று. பிறகு 3060 போட்ட பழைய லேப்டாப் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கி நடு மேஜையில் வையுங்கள், வெள்ளிக்கிழமைதோறும் அந்த வார பில்டை அதில் ஓட்டி மில்லிசெகண்ட் கணக்கை எழுதி வையுங்கள், அதில் 16.67 தாண்டினால் திங்கட்கிழமை புது மெஷின் மாடல் எதுவும் உள்ளே வரக்கூடாது என்று நால்வரும் இப்போதே ஒப்புக்கொள்ளுங்கள்.